அரக்குத் தட்டிலிருந்து கணினிக்கு: பழைய கிராமபோன் பாட்டுகளைச் சரியான சுருதியில் எடுக்க முழு வழிகாட்டி

இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் பாட்டுத் தட்டுகளின் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் ஒரு குழப்பம் தெரியும். ஒரே பாட்டு, ஒரே தட்டு. ஒருவர் ஏற்றியதில் அது ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஒலிக்கும். இன்னொருவர் ஏற்றியதில் ஐந்தரையைத் தொடும். ஒன்றில் குரல் கனத்திருக்கும், மற்றதில் கீச்சென்றிருக்கும். பாடியவர் பாடியது ஒரே சுருதியில்தான். நடுவில் தவறியது வேகம்.

78 ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே தவிர, 1920களின் நடுப்பகுதிக்கு முன் வெட்டிய தட்டுகள் 70க்கும் 82க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை 78இல் வைத்து முள்ளை இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நூறு வருடத்துக்கு முந்தைய குரல்களுக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம். தட்டைக் கழுவுவது, முள்ளைத் தேர்ந்தெடுப்பது, பதிவு செய்வது, சுருதி பிடிப்பது, ஒலியைச் சமன்செய்வது ஆகிய எல்லாமே இந்த வழிகாட்டியில் உண்டு. ஆனாலும் அதிக இடம் சுருதிக்குத்தான்.

தட்டு எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள்

குழாய்ப் பதிவா, மைக் பதிவா என்ற ஒரே கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடும். 1925க்கு முன் உலகம் முழுக்க ஏறக்குறைய எல்லாத் தட்டும் குழாய்ப் பதிவுதான். பாடகர் ஒரு பெரிய உலோகக் குழாயின் வாய்க்குள் பாடுவார். அந்தக் காற்றதிர்வே நேரடியாக ஊசியை அசைத்து மெழுகில் தடம் வெட்டும். மின்சாரத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை. 1925இல் மைக்ரோபோனும் மின்பெருக்கியும் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியப் பதிவுகளும் அந்த முறைக்கு மாறின.

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது இந்தியாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை கிடையாது. மெழுகில் வெட்டியதை ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பி, அங்கே அச்சடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை திறந்தது. 1928இல் டம்டமில் புதிய ஆலை வந்தது. ஆகவே லேபிளில் ஹானோவர் என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் முதல் உலகப்போருக்கு முந்தைய தட்டு. எச்.எம்.வி.யின் நாய்ப் படத்துக்குப் பதிலாக, இறகுப் பேனாவால் தட்டில் எழுதும் தேவதைப் படம் இருந்தாலும் அப்படியே. இவை சந்தேகமில்லாமல் குழாய்ப் பதிவுகள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரல் நமக்குக் கிடைப்பது இந்தக் குழாயின் வழியாகத்தான். 1932இல் கொலம்பியாவுக்காக வீணை தனம்மாள் வாசித்த தட்டுகள் மைக் பதிவுகள்.

லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில் சிறிய எண் ஒன்று பொறித்திருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். எச்.எம்.வி. தட்டில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன முக்கோணமோ, கொலம்பியா தட்டில் வட்டத்துக்குள் டபிள்யூ எழுத்தோ தெரிந்தால் அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையில் எடுத்த மின்பதிவு, அதாவது மைக் பதிவு. எந்த அடையாளமும் தெளிவாக இல்லையென்றால் காதை நம்பலாம். மிருதங்கத்தின் தொப்பி (கீழ் ஒலி தரும் இடப்பக்கம்) உருண்டு கேட்கிறதா, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் சீறல் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் மைக் பதிவு. வலப்பக்கமான வலந்தலையின் ‘டக், டக்’ மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டு, சீறல் சுத்தமாக இல்லையென்றால் குழாய்ப் பதிவு.

வேண்டிய சாமான்கள்

78 வேகம் உள்ள டர்ன்டேபிள். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்னலையாக்கும் கார்ட்ரிட்ஜில் 78 தட்டுக்கென்று செய்த முள் கட்டாயம் வேண்டும். பிற்காலத்தில் வந்த எல்.பி. தட்டின் முள் சுமார் 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 18 மைக்ரான். கிராமபோன் தட்டின் தடம் அதைவிடப் பல மடங்கு அகலமானது. அதற்கு 3 மில், அதாவது 76 மைக்ரான் முள் வேண்டும். சின்ன முள்ளை இறக்கினால் அது தடத்தின் அடியில் உள்ள மண்ணையும் துகளையும் உரசிக்கொண்டு போகும். பாட்டு இருப்பது இரண்டு பக்கச் சுவர்களில். அடியில் இரைச்சல் மட்டும்தான் உண்டு. பெட்டி வடிவில் விற்கும் மலிவு பிளேயர்கள் பலவற்றில் 78 என்று ஒரு பொத்தான் இருக்கும், முள் மட்டும் எல்.பி. முள்ளாகவே இருக்கும். அதில் பழைய தட்டைப் போடாதீர்கள்.

பழைய சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டுக் கைபேசியில் பதிவு செய்யும் பழக்கமும் வேண்டாம். அதன் சவுண்டு பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் எடையோடு முள்ளை அழுத்தும். தட்டின் கலவையில் அரக்கு கால் பங்குகூட இருக்காது. மீதிப் பெரும்பகுதி கல்மாவு. எஃகு முள்ளைத் தேய்த்துத் தடத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவருவது அந்தக் கல்மாவுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று அந்தக் காலத்தில் சொன்னதற்குக் காரணம் இதுவே. தேய்ந்த முள்ளையே திரும்பத் திரும்பப் போட்ட வீடுகளின் தட்டுகளில் கறுப்புத் தடம் சாம்பல் பூத்துப்போயிருக்கும்.

இவற்றோடு கார்ட்ரிட்ஜின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப், அதைக் கணினிக்குள் 24 பிட்டில் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி போன்ற ஓர் ஒலித்திருத்த மென்பொருள், சுருதி சேர்ந்த ஒரு ஹார்மோனியம் அல்லது சுருதிப்பெட்டி. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள்.

பரிசோதனையும் கழுவுதலும்

தட்டை ஒரு விரலில் நடு ஓட்டையில் தாங்கி, ஓரத்தில் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுத் தட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது ‘சொத்’ என்று செத்த ஒலி தரும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூட இதில் மாட்டிக்கொள்ளும்.

ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவம், சானிடைசர் ஆகிய எதுவும் அரக்குத் தட்டின் பக்கம் வரக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான். எல்.பி. தட்டுக்கென்று விற்கும் பல சுத்திகரிப்புத் திரவங்களில் ஆல்கஹால் கலந்திருக்கிறது. வாங்கும் முன் குப்பியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

ஒரு லிட்டர் வடித்த நீரில் (பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்) மணமும் நிறமும் இல்லாத மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விடுங்கள். நுரை பொங்க வேண்டியதில்லை, நீர் தடத்துக்குள் இறங்கினால் போதும். குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் அதிலுள்ள உப்பு தடத்துக்குள் படிந்துவிடும். சென்னை போர்வெல் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

1. உலர்ந்த மென்மையான தூரிகையால் மேல்தூசியை முதலில் தட்டிவிடுங்கள். ஈரம் பட்ட தூசி சேறாகி உள்ளே இறங்கும்.
2. லேபிளை ஒரு வட்ட பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொள்ளுங்கள். பழைய லேபிளின் மை ஈரத்தில் கரையும்.
3. நீரில் நனைத்த மென்தூரிகையைத் தடம் போகிற வழியிலேயே வட்டமாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள்.
4. வெறும் வடித்த நீரால் இரண்டு முறை அலசுங்கள். ஒரு பக்கத்துக்கு ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஈரம் நிற்க வேண்டாம். ஊறப்போடுவது கூடவே கூடாது; கலவையில் பருத்தி நாரும் இருப்பதால் நீரை உறிஞ்சும்.
5. பஞ்சு கொட்டாத துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். வெயிலிலும் ஹேர் டிரையரிலும் தட்டு வளையும்.

கடற்கரை ஊர்களில் கிடைக்கும் தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். அது தடத்தை அரித்த இடம் திரும்பாது. மேலே உள்ளதைக் கழுவி எடுத்தால் அதுவே பெரிய மாற்றம் தரும். முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். ஓரம் உடைந்த பல அடுக்குத் தட்டுகளைக் கழுவாதீர்கள். இங்கிலாந்தில் அச்சடித்த பழைய கொலம்பியா தட்டுகளில் இந்த வகை உண்டு. நடு அடுக்குக்குள் நீர் போனால் உப்பிவிடும்.

முள்ளை இறக்குதல்

முள்ளின் எடை கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொன்ன வரம்பின் மேல்முனையில் இருக்கட்டும். 78 தட்டுக்குச் செய்தவற்றில் பல 3 முதல் 5 கிராம் வரை கேட்கும். தாண்டிக் குதிக்கிறது என்பதற்காக மேலே நாணயம் ஒட்டுகிறவர்கள் உண்டு. குதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் முள்ளைத் தாங்கும் கை கிடைமட்டமாக இல்லாதது, தட்டின் வளைவு, ஆன்டி-ஸ்கேட்டிங் (அந்தக் கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் விசை) அதிகம் என்ற மூன்றில் ஒன்று. எடையைக் கூட்டினால் காரணம் மறையும், தடம் கெடும்.

வசதி உள்ளவர்கள் 2.5, 3, 3.5 மில் என்று மூன்று முட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றிக் கேட்கிறார்கள். இது வீண் ஆடம்பரம் இல்லை. எஃகு முள் தேய்த்தது சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தை மட்டும்தான். அதற்கு மேலோ கீழோ தேயாத சுவர் இருக்கும். கொஞ்சம் பெரிய முள் மேல்சுவரில் உட்கார்ந்து, கரகரத்துக்கொண்டிருந்த உச்சஸ்தாயியைத் தெளிவாகக் கொண்டுவந்துவிடும். ஒரே முள்தான் வாங்க முடியுமென்றால் 3 மில் வாங்குங்கள்.

நடு ஓட்டை மையத்தில் இல்லாத தட்டுகள் ஏராளம். தடத்தின் வட்டத்துக்கும் ஓட்டைக்கும் 1 மில்லிமீட்டர் விலகல் இருந்தால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் வேகம் ஒரு சதவீதம் ஏறி இறங்கும். 5 சென்டிமீட்டரில் அது இரண்டு சதவீதமாகும். பாட்டு முடிவுக்கு வர வர ஆட்டம் கூடுவது அதனால்தான். நம் இசையில் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் கேட்பவர் அதைக் கமகம் என்று எண்ணிவிடுவார். அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. 78 வேகத்தில் ஒரு சுற்று 0.77 வினாடி. அசைவு சரியாக 0.77 வினாடிக்கு ஒருமுறை, எல்லா ஸ்வரத்திலும், தம்புராவிலும் வந்தால் அது கமகம் ஆகாது, ஓட்டையின் கோளாறு. ஓட்டையைத் துருவிப் பெரிதாக்காதீர்கள். தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்புகளை அடுக்கி, தட்டு நடுமுளைக்கு மேலே நிற்கும்படி உயர்த்துங்கள். முள் ஓடும்போது கை இடம் வலமாக ஆடுவதைப் பார்த்து, நிறுத்தி, தட்டை மயிரிழை நகர்த்துங்கள். ஆட்டம் நிற்கும் இடமே மையம்.

விரிசல் விட்ட தட்டையும் வளைந்த தட்டையும் 45இல் ஓட்டிப் பதிவு செய்யலாம். முள் துள்ளாமல் போகும். பிறகு கணினியில் 1.7333 மடங்கு வேகப்படுத்தினால் 78. சூட்டில் வைத்து வளைவு எடுப்பதும், பிசின் வைத்து ஒட்டுவதும் தட்டைக் கொல்லும் வேலைகள்.

பதிவு

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் பரிந்துரைக்கும் அளவும் இதுதான். மோனோ தட்டுக்கு எதற்கு ஸ்டீரியோ என்று கேட்கலாம். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டு சுவரையும் தனித்தனியாகப் படிக்கிறது. பாட்டு இரண்டிலும் ஒன்று. கீறல் ஒன்றில் மட்டும் இருக்கலாம். பிறகு நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டையும் கூட்டினால் இரைச்சல் பாட்டோடு ஒப்பிட சுமார் 3 டெசிபல் குறையும். கூட்டும்போது பாட்டே மறைந்துபோனால் கார்ட்ரிட்ஜின் ஒரு பக்கக் கம்பிகள் மாறியிருக்கின்றன. பாத்தே கம்பெனியின் பழைய தட்டுகளில் தடம் மேலும் கீழுமாக வெட்டியிருக்கும். அவற்றுக்கு மட்டும் ஒரு பக்கத்தை இன்னொன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

பாட்டின் உச்சம் −10 டெசிபல் அளவில் நிற்கும்படி வையுங்கள். கீறலின் ‘டக்’ ஒலி பாட்டைவிட உயரமாகப் போகும், அதுவும் பதிவின் உச்ச வரம்பில் முட்டாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும். முட்டி நசுங்கிய ‘டக்’கை மென்பொருள் சரியாக அடையாளம் காணாது. மூன்றரை நிமிடப் பக்கம் ஒன்று சுமார் 121 எம்.பி. வரும். முள் இறங்குவதற்கு முன்னால் தொடங்கி, கடைசித் தடம் சுற்றுவது வரை பதியுங்கள். இந்த முதல் கோப்பை வேவ் வடிவத்தில் அப்படியே பூட்டி வையுங்கள். இனிச் சொல்வதெல்லாம் அதன் பிரதியில்.

சுருதி பிடித்தல்

முதலில் உங்கள் டர்ன்டேபிள் உண்மையில் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடுள்ள ஸ்ட்ரோப் அட்டை வேண்டும்; அதைச் சுழலும் தட்டின் மேல் வைத்து மின்விளக்கின் துடிப்பில் பார்க்க வேண்டும். கோடு அசையாமல் நின்றால் வேகம் 77.92. ஆனால் இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பல மின்துடிப்பைக் காட்டாது, பழைய குண்டு பல்போ சோக் வைத்த டியூப்லைட்டோ வேண்டும். அதைவிட எளிய வழி கோப்பிலேயே இருக்கிறது. தட்டில் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் அலைவடிவில் அது சீரான இடைவெளியில் முள்முள்ளாகத் தெரியும். 20 சுற்றுக்கான நேரத்தை அளந்து, 1200ஐ அதனால் வகுங்கள். 15.38 வினாடி வந்தால் 78.

அடுத்தது தட்டின் உண்மை வேகம். பாட்டில் ஆதார ஷட்ஜம் (சுருதிக்கு அடிப்படையான ‘ஸ’) நீண்டு நிற்கும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து (ஹார்மோனியம் மட்டும் ஒலிக்கும் தொடக்கம் மிக நல்லது) மென்பொருளின் அலைவரிசைப் படத்தில் அதன் ஹெர்ட்ஸை அளவெடுங்கள். கட்டைகளின் இன்றைய அளவு இது:

1 கட்டை 261.6, ஒன்றரை 277.2, 2 கட்டை 293.7, இரண்டரை 311.1; 3 கட்டை 329.6, 4 கட்டை 349.2, நாலரை 370.0, 5 கட்டை 392.0, ஐந்தரை 415.3, 6 கட்டை 440.0, ஆறரை 466.2, 7 கட்டை 493.9.

அளந்தது வேறு ஸ்தாயியில் இருந்தால் இரட்டித்தோ பாதியாக்கியோ ஒப்பிடுங்கள். கணக்கு இதுதான்: ஓட்டிய வேகம் × இருக்க வேண்டிய ஹெர்ட்ஸ் ÷ அளந்த ஹெர்ட்ஸ்.

78இல் ஓட்டிய தட்டில் ஷட்ஜம் 404 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கட்டை என்றால் 78 × 392 ÷ 404 = 75.7. ஐந்தரை என்றால் 80.2. இரண்டுமே அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த வேகங்கள்தான். கணக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லாது. அரைக்கட்டை வித்தியாசம் ஏறக்குறைய 6 சதவீதம், அதாவது 78க்கு நாலரைச் சுற்று. ஆகவே இரண்டு விடைக்கு நடுவில் எது என்று வேறு சான்றுகள் சொல்ல வேண்டும்.

முதல் சான்று, பேச்சு. ஆரம்பகாலப் பாடகர்கள் சிலர் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே சொல்வார்கள். கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரை அறிவித்தது ஹானோவரில் அச்சடிப்பவர்கள் யாருடைய தட்டு என்று அறிவதற்காக என்று சொல்வதுண்டு. நமக்கு அது வேறு விதத்தில் உதவுகிறது. பாட்டில் வேகக் கோளாறை மறைத்துவிடலாம், பேச்சில் மறையாது. நாடகத் தட்டுகளில் வரும் வசனமும் இப்படியே. இரண்டு வேகத்திலும் ஓட்டி, எது மனிதர் பேசுவதுபோல் இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஒரே அமர்வில் பதிவான மற்ற தட்டுகள். மேட்ரிக்ஸ் எண்கள் அடுத்தடுத்து வந்தால் அவை ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில், பெரும்பாலும் ஒரே நாளில் எடுத்தவை. அதில் ஒன்றில் வேகம் உறுதியானால் மற்றவற்றுக்கும் அது பொருந்தும். லேபிளில் உள்ள கேட்டலாக் எண்ணை இதற்கு நம்பாதீர்கள், அது விற்பனைக்காகப் போட்டது.

மூன்றாவது, பக்கவாத்தியம். ஹார்மோனியத்தின் ரீடு நிலையானது. பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் கூடிக் குறையும், ஆகவே 392 என்பதை முற்றுப்புள்ளியாக எடுக்காமல் அதன் அக்கம்பக்கம் என்று கொள்ளுங்கள். வயலின், வீணை, தம்புரா எந்தச் சுருதிக்கும் இறங்கும். அவை சான்று சொல்லாது. தனி வீணைத் தட்டில் வேகத்துக்கு வாத்தியத்திலிருந்து எந்த உதவியும் கிடைக்காது, காலமும் மேட்ரிக்ஸும்தான் வழி. மின்பதிவு என்றால் 78இலிருந்து தொடங்குங்கள், பெரும்பாலும் அங்கேயே நிற்கும். 1920களின் கொலம்பியா தட்டு சிலவற்றில் லேபிளிலேயே 80 என்று அச்சிட்டிருக்கும்.

பாடகர் பிற்காலத்தில் எந்தக் கட்டையில் பாடினார் என்பதை வைத்து முடிவு செய்வது பலரும் செய்கிற தவறு. இருபது வயதுக் குரலுக்கும் நாற்பது வயதுக் குரலுக்கும் ஒரு கட்டை வித்தியாசம் வருவது இயல்பு. அதை முதல் சான்றாக வைத்தால், பாடகரின் குரல் எப்படி மாறியது என்ற வரலாற்றையே நாம் அழித்துவிடுகிறோம்.

சில குழாய்ப் பதிவுகளில் தொடக்கத்தில் ஷட்ஜம் 392, முடிவில் 398 என்று ஏறியிருக்கும். வெட்டிய இயந்திரம் போகப்போக மெதுவானதால் வந்த கோளாறு இது. நாம் ஒரே வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறுவதாகக் கேட்கும். ஹார்மோனியமும் சேர்ந்து ஏறினால் சந்தேகமே இல்லை. ஒன்றரை சதவீதத்தைப் பக்கம் முழுக்கச் சீராகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

கணினியில் மாற்றும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியையே தேர்ந்தெடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவி காலப்பிரமாணத்தைத் தவறாகவே விட்டுவிடும். குரலும் உலோகத்தன்மை பெறும்.

ஒலிச் சமன்

பெரும்பாலான ஃபோனோ ப்ரீஆம்புகள் எல்.பி.க்கான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவை (கீழ் ஒலியை ஏற்றி, மேல் ஒலியைக் குறைக்கும் அளவுமுறை) சேர்த்தே தரும். அது 1950களில் வந்தது. பழைய தட்டுக்கு அதைப் போட்டால் கீழ் ஒலி ஊதிப்போய், மேல் ஒலி மங்கிவிடும். ஆகவே முதலில் அதை அகற்ற வேண்டும். ஆடாசிட்டியின் வளைவுச் சமன்பாட்டில் இந்தப் புள்ளிகளை இடுங்கள்: 50 ஹெர்ட்ஸில் −17.0 டெசிபல், 100இல் −13.1, 200இல் −8.2, 500இல் −2.6, 1000இல் 0, 2000இல் +2.6, 5000இல் +8.2, 10,000இல் +13.7, 20,000இல் +19.6. கோப்பு 32 பிட் ஃப்ளோட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல் ஒலியைத் தூக்கும்போது முட்டும். 45இல் ஓட்டிப் பதிவு செய்திருந்தால் இந்த வேலையை வேகம் மாற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வேகத்தை மாற்றிய பின் செய்தால் எல்லாப் புள்ளியும் இடம் தவறிப்போகும்.

அதன் பிறகு மைக் பதிவுகளுக்குக் கீழ் ஒலியை ஏற்றித்தர வேண்டும். வெட்டும்போது கீழ் ஒலியைக் குறைத்தே வெட்டினார்கள், இல்லாவிட்டால் தடம் அடுத்த தடத்தில் இடித்துவிடும். 300 ஹெர்ட்ஸை மையமாக வைத்தால்: 600இல் +1, 300இல் +3, 150இல் +7, 100இல் +10, 75இல் +12.3. 50க்குக் கீழே ஏற்றாதீர்கள், அங்கே மோட்டார் உறுமல்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தட்டுகள் சிலவற்றுக்கு 250 பொருத்தமாக இருக்கும். மிருதங்கத்தின் தொப்பி குடம்போல் குமுறினால் அதிகம், தகரம்போல் ஒலித்தால் குறைவு.

குழாய்ப் பதிவுக்கு இதில் எதுவும் வேண்டாம். ஆர்.ஐ.ஏ.ஏ.வை அகற்றியதோடு நிறுத்துங்கள். இல்லாத மிருதங்கத்தைத் தேடிக் கீழ் ஒலியை ஏற்றினால் கிடைப்பது உறுமல் மட்டுமே.

இரைச்சல் நீக்கம்

‘டக், டக்’ கீறல் ஒலிகளை நீக்குவது ஒலிச் சமனுக்கு முன்னால் நடக்க வேண்டும். வடிகட்டியின் வழியே போன கூரான ‘டக்’ அகன்று மழுங்கிவிடும். பிறகு மென்பொருளால் அதைப் பிரிக்க முடியாது. ஆகவே வரிசை இப்படி: கீறல் நீக்கம், இரண்டு சுவரைக் கூட்டல், ஆர்.ஐ.ஏ.ஏ. அகற்றல், வேகம், சமன், கடைசியில் வடிகட்டல்.

கீறல் நீக்கியதும் ஒரு சோதனை. நீக்கிய கோப்பின் அலையை மேல்கீழாகப் புரட்டி (இன்வர்ட்) மூலத்தோடு கூட்டினால், நீங்கள் எடுத்தெறிந்தது மட்டும் கேட்கும். அதில் ஜால்ராவோ, மிருதங்கத்தின் சாப்போ, கஞ்சிராவின் அடியோ காதில் விழுந்தால் அளவு மீறிவிட்டது, உணர்வுத்திறனைக் குறையுங்கள்.

சீறல் இரைச்சலை நீக்கும் கருவியில் கை வைக்கும்போது மிகுந்த பொறுமை வேண்டும். தம்புராவின் நாதமும் தட்டின் சீறலும் மென்பொருளுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் இரண்டும் விடாமல் ஒலிப்பவை. கொஞ்சம் கூடினாலும் தம்புரா கரைந்து, கார்வையின் வால் அறுந்து, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். 4 முதல் 6 டெசிபல் குறைத்தால் போதும். மேல் எல்லையை மைக் பதிவுக்கு 8 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், குழாய்ப் பதிவுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் வெட்டுவதே பாதிச் சீறலை எடுத்துவிடும். சீறலோடு முழுமையாகக் கேட்கும் பாட்டு, சீறலில்லாமல் செத்துப்போன பாட்டைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு பக்கத்தைச் சேர்த்தல், குறிப்பு எழுதுதல்

10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம், 12 அங்குலத்தில் நாலு, நாலரை. ஒரு ராக ஆலாபனை முதல் பக்கத்தில் தொடங்கி இரண்டாம் பக்கத்தில் தொடரும். சேர்ப்பதற்கு முன் இரண்டு பக்கத்தின் ஷட்ஜத்தையும் தனித்தனியே அளவெடுங்கள். அவை ஒரே வேகத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தனித்தனிக் கோப்புகளையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத வேண்டியவை: கம்பெனி, கேட்டலாக் எண், மேட்ரிக்ஸ் எண், பாடியவர் பெயர் லேபிளில் உள்ளபடியே, பாட்டின் முதல் வரி, அச்சிட்ட ராகமும் தாளமும், பக்கவாத்தியம், பயன்படுத்திய முள்ளின் அளவு, ஓட்டிய வேகம், முடிவுசெய்த வேகம், அதற்கான காரணம், போட்ட சமன். லேபிளில் ராகம் தவறாக அச்சாகியிருந்தாலும் திருத்தாமல் எழுதி, உங்கள் கருத்தைத் தனியாகக் குறியுங்கள். வேகத்துக்கான காரணத்தை எழுதாதவர்கள்தான் அதிகம்; நாளை வேறொருவர் நல்ல சான்றோடு வந்தால் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பாட்டின் சொற்கள் புரியாத இடத்தில் அக்காலப் பாட்டுப் புத்தகங்கள் கைகொடுக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. பாடலை எழுதியவரின், இசையமைத்தவரின் உரிமை தனி. அது அவர் மறைந்த ஆண்டைக் கொண்டு 60 ஆண்டு. 1930களின் தட்டில் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருந்தாலும், பாடலாசிரியர் 1970களில் மறைந்தவராக இருந்தால் அவர் வாரிசுகளின் உரிமை இன்னும் இருக்கிறது.

கழுவிய தட்டைப் பழைய உறையில் திரும்பப் போடாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில், நிமிர்த்தி, நெருக்கமாக ஆனால் இறுக்கமில்லாமல் அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை திரும்பும். பரணும் மொட்டைமாடி அறையும் கோடையில் தட்டை வளைத்துவிடும். கரையான் ஏறாத இரும்பு அலமாரி, வீட்டின் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில்.